படத் திருத்தமும் பாடத் திருத்தமும்: ஜொகூர்த் தோட்டப்புற ஸ்லைடுகளை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

ஓலைச்சுவடிகளைப் பதிப்பிப்போர்க்குச் சிதைவு என்பது புதிய சிக்கலன்று. செல்லரித்த ஏட்டில் ஒரு சீர் போய்விட்டால் அவ்விடத்தை எவ்வாறு அச்சிடுவது என்னும் வினாவுக்குத் தமிழ்ப் பதிப்புலகம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை கண்டுவிட்டது. அதே வினா இன்று வேறொரு வடிவில் நம்முன் நிற்கிறது. பள்ளி ஆண்டு மலருக்கும் ஆலயக் குடமுழுக்கு மலருக்கும் பழைய ஸ்லைடுகளைத் தேடி எடுக்கிறோம். அவற்றின்மேல் பூஞ்சை படர்ந்திருக்கிறது, கீறல் ஓடியிருக்கிறது, வண்ணம் சிவந்துபோயிருக்கிறது. அச்சகத்திற்கு அனுப்புமுன் அவற்றைத் 'துப்புரவு' செய்கிறோம். அத்துப்புரவில் அகற்றப்படுவது அழுக்கு மட்டுந்தானா, அன்றி வரலாறும் சேர்ந்து அகற்றப்படுகிறதா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருளாகும்.

ஜொகூர் மாநிலத்தை முன்வைத்து இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இம்மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று நகரியங்களாகிவிட்டன. மவுண்ட் ஆஸ்டின் என்பது ஒரு காலத்தில் தோட்டத்தின் பெயர். இன்று அது வீடமைப்புப் பகுதியின் பெயர். 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டத்திற்குப் பின்னர் தென்ஜொகூரின் நிலத்தோற்றமே மாறிவிட்டது. லயங்களும் பால் நிறுக்கும் கொட்டகையும் தோட்டத்துக் கோயிலும் இருந்த இடத்தை அடையாளம் காட்ட இன்று பல இடங்களில் எஞ்சியிருப்பவை சில ஒளிப்படங்களே. இடம் மறைந்த பின்னர்ப் படமே இடத்தின் சான்றாகிறது. ஆகவே படத்தைத் திருத்துவது சான்றைத் திருத்துவதாகும்.

ஸ்லைடு என்னும் மூலம்

ஒளிப்படச் சுருள்கள் இருவகைப்படும். ஒன்று நெகட்டிவ், ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிவது, அதிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமாயினும் தாளில் எடுக்கலாம். மற்றொன்று ஸ்லைடு எனப்படும் ஒளியூடுருவும் நேர்ப்படம். படக்கருவிக்குள் ஒளிபட்ட அதே சுருளே கழுவப்பட்டு, அட்டைச் சட்டத்தில் பொருத்தப்பட்டு, திரையில் காட்டப்படும் படமாகிவிடுகிறது. கொடாக் நிறுவனத்தின் கோடாக்குரோம் 1935இல் வெளிவந்தது. அதனையடுத்து எக்டாக்குரோம் முதலியன வந்தன. கோடாக்குரோம் தயாரிப்பு 2009இல் நிறுத்தப்பட்டது.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு வெறும் தொழில்நுட்ப வேறுபாடன்று. நெகட்டிவில் குறையிருந்தால் அதனைச் சரிசெய்ய இரண்டு வாய்ப்புகள் உள்ளன. நெகட்டிவின்மேல் கைவைக்கலாம், அல்லது அதனைத் தொடாமல் விட்டு, தாளில் எடுத்த படியின்மேல் கைவைக்கலாம். ஸ்லைடிற்கு இரண்டாவது நிலை இல்லை. அதற்குப் பின்னால் வேறொரு மூலம் கிடையாது. மூலமும் அதுவே, படியும் அதுவே. ஒரே ஓர் ஏட்டுச்சுவடி மட்டுமே கிடைத்துள்ள நூலை ஒத்தது அது. ஒற்றைச் சுவடியின்மேல் எழுத்தாணியை ஓட்டிப் 'பிழை' திருத்தும் துணிவு எந்தப் பதிப்பாசிரியருக்கும் வராது. ஸ்லைடின்மேல் கைவைப்போர்க்கு அத்தகைய தயக்கம் வேண்டும்.

குறைகளின் வகை

எல்லாக் குறையும் ஒரே தன்மையன அல்ல. அவை தோன்றும் விதத்தை அறிந்தாலன்றி எதனை நீக்கலாம், எதனை விடவேண்டும் என்று தெளிய இயலாது.

முதலாவது, தூசி. படமெடுக்கும் நொடியிலேயே சுருளின்மேல் தூசி இருந்திருப்பின் அவ்விடத்தில் ஒளி படுவதில்லை. ஸ்லைடில் அது கரும்புள்ளியாக நிலைத்துவிடுகிறது. பின்னாளில் மேலே படிந்த தூசியும் திரையில் கரும்புள்ளியாகவே தெரியும். ஆயின் முன்னது படத்தின் உள்ளே இருப்பது. பின்னது ஊதினால் போய்விடுவது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டும் பிறப்பால் வேறானவை.

இரண்டாவது, கீறல். எக்டாக்குரோம் போன்ற வண்ணச் சுருள்களில் மஞ்சள், மெஜந்தா, சியான் என்னும் மூன்று சாய அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. மேலோட்டமான கீறல் மஞ்சளை மட்டும் சுரண்டினால் நீலக்கோடு தோன்றும்; மெஜந்தாவும் போனால் பசுமை கலந்த நீலம்; மூன்றும் போனால் வெறும் வெண்மை. கீறலின் நிறத்தைக் கொண்டே அதன் ஆழத்தைச் சொல்லிவிடலாம். நீலக்கோட்டின்கீழ் இரண்டு அடுக்குச் செய்தி இன்னும் எஞ்சியிருக்கிறது; வெண்கோட்டின்கீழ் ஒன்றுமே இல்லை. முன்னது எழுத்து மங்கிய இடம். பின்னது ஏடு முறிந்த இடம்.

மூன்றாவது, பூஞ்சை. சாயங்களைத் தாங்கி நிற்கும் ஜெலட்டின் விலங்குப் புரதத்தால் ஆனது. பூஞ்சைக்கு அது உணவு. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கும். நம் நாட்டில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கிறது. பாதுகாப்பு எனக் கருதிக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டு வைத்த ஸ்லைடுகளில் உள்ளே ஈரம் சிக்கிக்கொண்டு கேடு மிகுவதும் உண்டு. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும் தன்மை பெற்றுவிடுகிறது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அத்தகைய ஸ்லைடை நல்லெண்ணத்தோடு தண்ணீரில் கழுவினால் அழுக்கோடு படமும் கரைந்து போய்விடும். குறையை நீக்கும் முயற்சியே மூலத்தை அழித்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

நான்காவது, சாயம் மங்குதல். பழைய எக்டாக்குரோம் ஸ்லைடுகள் பலவற்றில் சியான் சாயம் முதலில் மங்குவதால் படம் முழுதும் செம்மை படர்கிறது. அவ்வாறு சிவந்த படத்தில் ரப்பர்க் காட்டின் பசுமை பழுப்பாகத் தோன்றும்.

இவற்றோடு வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இரு அலைகளாக வந்த பெருவெள்ளத்தில் கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங் முதலிய வட்டாரங்கள் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. 2023 மார்ச்சில் சிகாமட்டும் பத்து பகாட்டும் மீண்டும் வெள்ளத்தில் தவித்தன. இத்தகைய வெள்ளத்தில் ஆல்பமும் ஸ்லைடுப் பெட்டியும் தளபாடங்களோடு சேர்ந்து நனைகின்றன; அவற்றின் இழப்பு எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை.

தூரிகை முதல் கணினி வரை

பழைய ஸ்டுடியோக்களில் 'டச்சிங்' என்பது தனித்தொழிலாக இருந்தது. நெகட்டிவின் ஜெலட்டின் பக்கத்தில் மெல்லிய மெருகு பூசி, கூர்மையான பென்சிலால் முகத்துச் சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் மறைப்பர். அடர்த்தி மிகுந்த இடத்தைக் கத்தி முனையால் சுரண்டுவர். சிவப்புச் சாயம் தடவி ஒளியைத் தடுப்பர். ஸ்லைடில் இவ்வேலை மேலும் கடினமானது. வெண்புள்ளியை மெல்லிய தூரிகையால் சாயமிட்டு மறைக்கலாம். கரும்புள்ளியை மறைக்க எதையும் சேர்க்க இயலாது. சுரண்டியோ வெளுப்புக் கரைசல் இட்டோ அங்குள்ள சாயத்தை எடுத்துவிட்டு, அதன்பின் புதுச்சாயம் இட வேண்டும். அஃதாவது ஸ்லைடில் கரும்புள்ளியைத் திருத்துவதற்கு முதற்படி மூலத்தின் ஒரு பகுதியை அழிப்பதாகும். இடும் சாயம் சற்று மிகுந்தாலும் திரையில் அது பலமடங்கு பெருகித் தெரியும். இக்கடினமே ஒரு வகையில் மூலத்திற்குக் காவலாக இருந்தது. பழைய கைவினைஞர் வேறு வழியில்லாதபோது மட்டுமே ஸ்லைடைத் தொட்டதற்கு அதுவே காரணம் எனலாம்.

ஸ்கேனர் வந்தபின் நிலைமை மாறியது. வண்ண ஸ்லைடின் சாயங்களை அகச்சிவப்பு ஒளி ஊடுருவிச் செல்லும். தூசியும் கீறலும் அதனைத் தடுக்கும். ஆகவே அகச்சிவப்பில் ஒரு படம் எடுத்தால் குறைகளின் வரைபடம் தனியே கிடைத்துவிடும். அதனைக்கொண்டு மென்பொருள் அவ்விடங்களை நிரப்பிவிடும். பொருளையும் அதன்மேல் படிந்த மாசையும் பிரித்தறியும் நுட்பம் என்ற அளவில் இது போற்றத்தக்கது. எனினும் இதற்கும் எல்லையுண்டு. வெள்ளித் துகள்களால் ஆன கறுப்பு வெள்ளைச் சுருளில் படமே அகச்சிவப்பைத் தடுத்துவிடுவதால் இம்முறை பயன்படாது. கோடாக்குரோமிலும் நம்பத்தக்க விளைவைத் தருவதில்லை. எல்லை அறியாது பயன்படுத்துவோர் மூக்குத்தியின் ஒளியையும் வேட்டிக்கரையையும் கீறலெனக் கருதி அழித்துவிடக்கூடும்.

அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு வந்துள்ளது. முன்னைய மென்பொருள் அடுத்துள்ள பகுதியிலிருந்து இரவல் வாங்கி இடைவெளியை நிரப்பியது. இன்றையதோ தான் பயின்ற எண்ணற்ற பிற படங்களிலிருந்து ஒன்றைக் கற்பித்து நிரப்புகிறது. பூஞ்சை தின்ற முகத்திற்கு அது ஒரு முகம் தருகிறது. ஆனால் அம்முகம் ஜொகூர்த் தோட்டத்தில் வாழ்ந்த எவருடைய முகமும் அன்று. முன்னது ஊகம் எனில், பின்னது இடைச்செருகல்.

பதிப்பாசிரியர் காட்டிய நெறி

இடைச்செருகல் என்ற சொல்லை நாம் தெரிந்தே ஆள்கிறோம். ஏடுகள் தொட்டவிடம் உதிரும் நிலையினைக் குறித்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை தம் கலித்தொகைப் பதிப்பின் (1887) முன்னுரையில் வருந்தி எழுதியதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சிதைந்த அடிகளைத் தாமே புனைந்து நிரப்பினாரல்லர். அவ்விடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். அந்நூலின் 267, 268ஆம் பாடல்கள் இன்றும் வெற்றிடங்களாகவே எண்ணப்படுகின்றன. எண்களை நெருக்கி அவ்வெற்றிடத்தை மறைக்கவில்லை. 1904இல் வெளிவந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை என்பதும் மறைக்கப்படவில்லை. பாடவேறுபாடுகள் அடிக்குறிப்பில் தரப்பட்டன. யாப்பறிந்த அப்பேரறிஞர்க்கு ஒரு சீரை இட்டு நிரப்புவது அரிய செயலன்று. இயன்றும் செய்யாது விட்டதே அவருடைய பதிப்பின் நம்பகத்திற்கு அடிப்படை.

இதனையொத்த நெறியை மேலைநாட்டு ஓவியப் பாதுகாப்பிலும் காண்கிறோம். 1939இல் உரோமில் நிறுவப்பட்ட மையப் பாதுகாப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநரான செசாரே பிராண்டி, சுவரோவியங்களில் உதிர்ந்துபோன இடங்களை நுண்ணிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறையை வளர்த்தார். எட்ட நின்று நோக்குவார்க்கு ஓவியம் முழுமையாகத் தோன்றும். கிட்டச் சென்று நோக்குவார்க்கு எது மூலம், எது நிரப்பு என்பது ஐயமறத் தெரியும். 1963இல் வெளிவந்த அவருடைய நூல் இக்கொள்கையை விரித்துரைக்கிறது. ஐயரின் புள்ளிகளும் பிராண்டியின் கோடுகளும் ஒருவரையொருவர் அறியாத இருவர் கண்ட ஒரே விடை. சிதைவை ஆற்றலாம், ஆற்றியதை மறைத்தல் ஆகாது.

எது குறை?

இதுவரை கூறியவை பொருளின்மேல் நேர்ந்த கேடுகள். சிக்கல் மிகுவது படத்தின் உள்ளே இருப்பவற்றையும் குறையெனக் கருதும்போதுதான். லயத்து வாசலில் எடுத்த படத்தில் அறுந்த கொடிக்கயிறும் அழுக்கேறிய பால்வாளியும் காலணியற்ற குழந்தைகளும் இருக்கலாம். மலர்க்குழுவின் கண்ணுக்கு இவை 'அழகைக் கெடுப்பன'. கணினியில் ஒரு நொடியில் அகற்றத்தக்கன. ஆனால் சமூக வரலாற்று மாணவனுக்கு அப்படத்தில் பயன்படுவன இவைதாம். குழந்தைகளுக்குக் காலணி வரைந்துவிட்டால் அப்படம் எந்தக் காலத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லாத படமாகிவிடும்.

ஜொகூர் பாருவிலுள்ள ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம் 1922இல் எளிய குடிலாகத் தொடங்கியது. இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டு முடிவில் புகழ்பெற்ற கண்ணாடி ஆலயமாக உருப்பெற்றது. இன்றைய பொலிவுக்கு ஏற்ப எந்த ஆலயத்தின் பழைய படத்தையும் மெருகேற்றும் ஆவல் எழுவது இயல்பு. ஆயினும் தகரக் கூரையும் மண்தரையும் அப்படியே தெரிந்தால்தான், எங்கிருந்து எவ்வளவு தொலைவு அச்சமூகம் நடந்து வந்தது என்பது விளங்கும்.

தோல் நிறம் பற்றித் தனியே கூற வேண்டும். கொடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய வண்ணச் சரிபார்ப்பு அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளை நிறப் பெண்ணின் படமே இருந்தது. 'ஷெர்லி அட்டை' என அறியப்பட்ட அதனை ஆய்வாளர் பலர் விமர்சித்துள்ளனர். மேலும் ஸ்லைடுச் சுருள் தாங்கும் ஒளிவேறுபாட்டு எல்லை மிகக் குறுகியது. உச்சி வெயிலில் மரநிழலில் நிற்கும் கருநிறத் தொழிலாளியின் முகம் அதில் இருளாகவே பதியும். இங்கே திருத்தம் வேண்டியதே. இருளில் புதைந்துள்ள கண்ணையும் வாயையும் வெளிக்கொணர்வது சுருள் செய்த குறையை ஈடுசெய்வதாகும். ஆனால் அதே கருவியைச் சற்று மேலே தள்ளி முகத்தை வெளுக்கச் செய்வது அம்மனிதர்மேல் குறை காண்பதாகும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு கணினித் திரையில் ஒரு விரற்கடைதான். அறத்தில் அது மிகப் பெரிது.

இவ்வெல்லையைத் தாண்டினால் நேர்வது என்ன என்பதற்கு நம் அண்டை நாடொன்றில் எடுத்துக்காட்டு உண்டு. கம்போடியாவின் துவோல் சிலெங் சிறையில் கெமர் ரூஜ் ஆட்சி (1975-1979) கொன்றொழித்தவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களை வண்ணமூட்டி, 2021 ஏப்ரலில் 'வைஸ்' என்னும் இதழ் வெளியிட்டது. அவற்றுட் சில முகங்களில் மூலத்தில் இல்லாத புன்னகை சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கம்போடியப் பண்பாட்டு அமைச்சு கண்டித்தது. இதழ் அவற்றை விலக்கிக்கொண்டது. கொல்லப்படவிருந்தவர் முகத்தில் வரைந்த புன்னகை, கொன்றவர்க்கே சாட்சியாகிவிடுகிறது. தோட்டத்து வாழ்வு அச்சிறையோடு ஒப்பிடத்தக்கதன்று. எனினும் வறுமையை அழித்துவிட்டுப் பசுமையை மட்டும் நிறுத்தும் திருத்தமும் அதே வழியில் எடுத்துவைக்கும் முதலடியே.

ஒரு மறுப்பும் அதன் நேர்மையும்

இக்கருத்துக்கு வலிமையான மறுப்பொன்று உண்டு. ஒளிப்படம் ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று, குடும்பத்திற்கும் உரியது. மறைந்த தந்தையின் படத்தில் பூஞ்சைக் கறையைக் காண மகளின் மனம் ஒப்புவதில்லை. மாலையிட்டு விளக்கேற்றி வணங்கும் படத்தில் புள்ளியிட்ட வெற்றிடம் வேண்டும் என்று நாம் எவ்வாறு கேட்க இயலும்? கிறிஸ்தோபர் பின்னி 1997இல் வெளியிட்ட 'கேமரா இண்டிகா' என்னும் நூலில், மத்தியப் பிரதேசத்து நாக்தா நகர ஸ்டுடியோக்களை ஆராய்ந்து, இந்திய மக்கள் ஒளிப்படத்திடம் எதிர்பார்ப்பது உள்ளதை உள்ளவாறு காட்டுவதை மட்டுமன்று, தாம் விழையும் தோற்றத்தையும்தான் என விளக்கியுள்ளார். அவ்வகையில் ஸ்டுடியோத் திருத்தம் பொய்யன்று. அது ஒரு மரபு.

இம்மறுப்பை நாம் ஏற்கிறோம். ஏற்பதோடு அதனின்று மற்றொரு முடிவையும் பெறுகிறோம். பழைய கைவினைஞர் படத்தில் தீட்டிய நகையும் பூசிய கன்னச் சிவப்பும் அப்படத்தின் வரலாற்றில் ஓர் அங்கம். 'மூலத்தை மீட்கிறோம்' என்று கருதி அவற்றை அழிப்பதும் தவறே. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியுடன் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களை மின்னுருவாக்கியமை, அவற்றின் ஒப்பனையும் ஆவணமே என்னும் தெளிவை நமக்குத் தருகிறது. எனவே வினா 'திருத்தலாமா, கூடாதா' என்பதன்று. யார், எப்போது, எதற்காகத் திருத்தினர் என்பது தெரிகிறதா என்பதே வினா. பூசையறைப் படத்தில் தந்தையின் முகம் தெளிவாக இருக்கட்டும். கறைபடிந்த மூலமும் பெட்டியில் இருக்கட்டும்.

நடைமுறைக்குச் சில

மேற்கண்ட ஆய்விலிருந்து பள்ளிகளும் ஆலயங்களும் மேற்கொள்ளத்தக்க சில நெறிகள் தாமே பெறப்படுகின்றன. திருத்தம் ஸ்லைடின்மேல் அன்றி அதன் மின்படியின்மேல் மட்டுமே செய்யப்பட வேண்டும். எத்திருத்தமும் செய்யாத ஸ்கேன் ஒன்று முதலில் எடுத்துத் தனியே காக்கப்பட வேண்டும். அது மூலச்சுவடியின் படி போன்றது. திருத்திய படத்தை அச்சிடும்போது 'கீறல் நீக்கப்பட்டது', 'வண்ணம் சீராக்கப்பட்டது' என ஒரு வரி படத்தின்கீழ் இருத்தல் வேண்டும். முற்றாக அழிந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம்.

அட்டைச் சட்டத்தை எறிந்துவிடுதல் ஆகாது. கொடாக் ஆய்வகத்தில் கழுவப்பட்ட ஸ்லைடுகள் பலவற்றின் சட்டத்தில் கழுவிய மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். உரியவர் கையால் எழுதிய ஊரும் பெயரும் இருக்கலாம். ஏட்டின் ஈற்றில் எழுதியவன் இட்ட நிறைவுக் குறிப்பை ஒத்தவை இவை. படத்தை மட்டும் உருவியெடுத்துச் சட்டத்தைக் குப்பையில் இடுவோர், ஏட்டின் காலத்தைக் காட்டும் கடைசி ஓலையை எரிப்போர்க்கு ஒப்பாவர். பூஞ்சை பிடித்த ஸ்லைடை நீரில் இடுதல் கூடாது. வெள்ளத்தில் அண்மையில் நனைந்ததையோ ஒன்றோடொன்று ஒட்டிக் காயவிடாமல், தூய குளிர்நீரில் அலசி, தனித்தனியே நிழலில் உலர்த்த வேண்டும்.

முடிவுரை

தமிழ் கற்பிக்கும் வகுப்பறையில் பாடவேறுபாடு என்றால் என்ன என்று விளக்குவதற்கு இன்று ஒரு புதிய வழி உண்டு. ஒரே ஸ்லைடின் திருத்தாத படியையும் திருத்திய படியையும் அருகருகே வைத்து, எவை மாறியுள்ளன, ஏன் மாற்றினர் என்று மாணவரைக் கேட்கலாம். கறையைக் கண்டு முகஞ்சுளிக்கும் மாணவன், சற்று நேரத்தில் அக்கறைக்குக் கீழே யார் நின்றிருப்பார் என்று கேட்கத் தொடங்குவான். அக்கேள்வியே பதிப்புக் கல்வியின் தொடக்கம்.

ஜொகூர்த் தமிழரின் தோட்டப்புற வாழ்வைப் பாடிய காவியம் ஏதும் சுவடியில் இல்லை. அவ்வாழ்வின் சுவடிகளாக எஞ்சியவற்றுள் இரண்டு அங்குல அட்டைச் சட்டத்துள் உறங்கும் இவ்வொளிப்படங்களும் சேரும். அவற்றை ஏடுகளாகவே மதித்து, ஏடுகளுக்கு நம் முன்னோர் காட்டிய நேர்மையை இவற்றுக்கும் காட்டுதல் நம் கடனாகும். சிதைந்ததைச் சிதைந்தது எனச் சொல்லும் துணிவு பதிப்பாசிரியர்க்கு இருந்தது. மலர் வெளியிடுவோர்க்கும் அது வேண்டும்.